எம்.ஜி.பி. காரில் கிளட்ச் முதல் பின் ஆக்ஸில் வரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார், ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான வண்டி. அதனால் உதிரிபாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. அந்தத் தாராளமே பலரைத் தவறான வழியில் இழுத்துவிடுகிறது. கிளட்ச் சரியாக விடவில்லை என்றால் புது கிளட்ச், பின்னால் 'டொக்' என்று சத்தம் வந்தால் வேறு டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பங்கிடும் பல்சக்கரத் தொகுதி) என்று பெரிய பாகத்தை முதலில் வாங்கிவிடுகிறார்கள். இந்த வண்டியிலோ, கோளாறு பெரும்பாலும் அதற்கு அருகில் உள்ள ஏதோ ஒரு சின்னப் பாகத்தில் ஒளிந்திருக்கும்.

கிளட்சையே எடுத்துக்கொள்வோம். பெடலை முழுதாக மிதித்தும் கியர் கரகரத்துக்கொண்டு விழுகிறது. உடனே எஞ்சினை இறக்கத் தயாராகிவிடுவார்கள். எம்.ஜி.பி.யில் கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாகக் கழற்ற வழியில்லை. கிளட்சைத் தொட வேண்டுமென்றால் எஞ்சின் வெளியே வந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய வேலையில் இறங்குவதற்கு முன், பெடலையும், மிதிப்பைத் திரவ அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் தள்ளுகோலையும் இணைக்கும் சிறு பின்னைக் கழற்றிப் பாருங்கள். ஆண்டுக்கணக்காக மிதிபட்டதில் பின் தேய்ந்து, பெடலில் உள்ள துளையும் நீள்வட்டமாகியிருக்கும். மிதிக்கும் தூரத்தில் ஒரு பகுதி அந்த இடைவெளியிலேயே வீணாகிவிடும். அந்தத் திரவம் போகும் பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பினாலும் இதே அறிகுறிதான் தெரியும். இரண்டையும் பார்க்காமல் எஞ்சினை இறக்குவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன்.

இறக்கியே தீர வேண்டியிருந்தால், கிளட்ச் தட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடாதீர்கள். பிரஷர் பிளேட், கார்பன் ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் முனையில் உள்ள வெண்கல புஷ், ரிலீஸ் ஃபோர்க்கின் புஷ் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். வெண்கல புஷ்ஷை எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்துங்கள். திரும்ப இணைக்கும்போது கியர்பாக்ஸின் கனம் முழுவதும் கிளட்ச் தட்டில் தொங்கக் கூடாது. தட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்ப்பது அதைவிட மோசம். தட்டைச் சரியாக நடுவில் நிறுத்தியிருந்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் கையால் தள்ளும்போதே சேர்ந்துவிடும். சேரவில்லை என்றால் பிரித்துப் பாருங்கள்.

கியர்பாக்ஸை மாற்றுபவர்கள் ஆண்டைப் பார்ப்பதில்லை. 1967 வரை வந்த வண்டிகளில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (கியர் கரகரக்காமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது. அதற்குப் பின் வந்த, நான்கு கியருக்கும் சின்க்ரோமெஷ் உள்ள பெட்டி அளவில் பெரியது; அதற்காகவே வண்டியின் நடுச்சுரங்கத்தை (இருக்கைகளுக்கு நடுவே கியர்பாக்ஸை மூடும் தகர மேடு) அகலப்படுத்தினார்கள். புதிய பெட்டியை வாங்கிவந்து பழைய வண்டியில் நுழைக்கப் பார்த்தால் தகரத்தை வெட்ட நேரிடும். அரிய பழைய வண்டியில் அதைச் செய்ய எனக்கு மனம் ஒப்பாது.

எண்ணெய் விஷயத்திலும் நல்லெண்ணத்தோடு தவறு செய்கிறார்கள். கியர்பாக்ஸ் என்றாலே கெட்டியான கியர் ஆயில் என்று ஊற்றிவிடுகிறார்கள். எம்.ஜி.பி. கையேடு சொல்வதோ எஞ்சின் ஆயில். பிற்கால வண்டிகளுக்கு 20டபிள்யூ-50. ஓவர்டிரைவும் (வேகமாகப் போகையில் எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர் அமைப்பு) அதே எண்ணெயில்தான் ஓடுகிறது. அதன் கூம்பு வடிவ கிளட்சுக்கு உராய்வு தேவை. வழுக்கலைக் கூட்டும் சேர்மங்கள் அதைப் பிடிக்க விடாது. கெட்டியான ஹைபாய்டு எண்ணெய்க்குரிய இடம் பின் ஆக்ஸில்.

ஓவர்டிரைவ் வேலை செய்யாதபோது கழற்றாதீர்கள். முதலில் எண்ணெய் மட்டம், அடுத்து ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தமான சோலனாய்டுக்கு மின்சாரம் வருகிறதா, கியர்பாக்ஸின் மேலுள்ள சுவிட்ச் சரியா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு துருப்பிடித்த இணைப்போடு கதை முடிந்துவிடும். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், திரும்பப் பொருத்தும்போது உள்ளே இரண்டு ஸ்ப்லைன் (தண்டு பொருந்துவதற்கான நீளவாக்குப் பல்) வரிசைகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றுமுன், அதை இணைக்கும் ஃபிளாஞ்சுகளில் குறி போட்டுக்கொள்ளுங்கள். யு.ஜே. கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்டின் சிலுவை வடிவப் பாகம்) மாற்றியபின், அதைப் பிடிக்கும் இரு முனை நுகங்களும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதிர்வு போகாது.

பின் ஆக்ஸிலுக்கு வருவோம். கிளட்சை விடும்போது 'டொக்' என்று கேட்டால் கிரவுன் பினியன் (டிஃபரன்ஷியலின் முக்கியப் பல்சக்கர ஜோடி) போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். குழாய் வகை ஆக்ஸிலில் டிஃபரன்ஷியலின் சிறு பல்சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள வாஷர்கள் தேய்ந்தாலே அந்தச் சத்தம் வரும். விலை சொற்பம். கம்பிச் சக்கர வண்டியில், சக்கரம் பொருந்தும் ஹப்பின் ஸ்ப்லைன் தேய்ந்தாலும் அதே சத்தம்தான். கிரவுன் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கப்பட்ட ஜோடி; ஒன்றை ஒரு வண்டியிலிருந்தும் மற்றொன்றை வேறு வண்டியிலிருந்தும் எடுத்துச் சேர்த்தால் ஊளையிடும். பினியன் ஆயில் சீலை மாற்றும்போது நட்டின் நிலையைக் குறித்துக்கொள்ளாமல் கழற்றக் கூடாது. குழாய் வகை ஆக்ஸிலின் உள்ளே நசுங்கும் வகை ஸ்பேசர் இருக்கிறது. இஷ்டத்துக்கு இறுக்கினால் பேரிங்கின் முன்சுமை (அதில் முன்கூட்டியே வைக்கும் இறுக்கம்) கெட்டுவிடும். பிரேக்கில் எண்ணெய் கசிந்தால் சீலை மட்டும் குறை சொல்லாமல், ஆக்ஸிலின் மேலுள்ள மூச்சுத்துளை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பிச் சக்கர ஹப்புகளை இடம் மாற்றிப் பொருத்துவது மட்டும் உயிருக்கே ஆபத்தான தவறு. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க, இடப்பக்க ஹப்பில் வலமரை (வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகுவது), வலப்பக்க ஹப்பில் இடமரை இருக்க வேண்டும். முன்னோக்கிப் போகையில் சக்கரம் சுழலும் திசையில் திருப்பினால், சக்கரத்தை ஹப்பில் பிடித்திருக்கும் நடு நட் கழல வேண்டும்; அப்போதுதான் ஓட்டத்தில் அது இறுகும். ஹப் மாறியிருந்தால் ஓட ஓட நட் தளர்ந்துகொண்டே வரும். ஹப்பைத் தொட்டிருந்தால், வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கும் முன் நான்கு பக்கமும் நட் கழலும் திசையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.