ஸ்டீரிங் நேராகிவிட்டால் போதுமா? வீல் அலைன்மென்ட்டில் நாம் செய்யும் தவறுகள்

போன வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு பெங்களூரில் ஓசூர் ரோட்டில் ஒரு டயர் கடைக்குப் போனேன். முன் டயர் ஒன்றில் காற்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சர் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பு. கடைப் பையன் ஆம்பூர்ப் பக்கம். சக்கரத்தைக் கழற்றித் தரையில் போட்டவன், உள்பக்கத்தை என் பக்கம் திருப்பி, "சார், இதப் பாத்தீங்களா?" என்றான். வெளியிலிருந்து பார்த்தால் பாதி ஆயுள் மிச்சமிருக்கிற டயர். உள் விளிம்பிலோ இரண்டு விரல் அகலத்துக்கு மொழுமொழுவென்று தேய்ந்து, ஓரிடத்தில் கம்பி எட்டிப் பார்த்தது. முந்தின ஞாயிறுதான் அதே டயரில் குடும்பத்தோடு கிருஷ்ணகிரி போய் வந்திருந்தேன்.

இத்தனைக்கும் நான்கு மாதம் முன்பு வேறொரு கடையில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களை அளந்து சரிசெய்கிற வேலை, செய்திருந்தேன். ஸ்டீரிங் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று சொன்னேன், நேராக்கிக் கொடுத்தார்கள். நான் கேட்டதும் அதைத்தானே. ஸ்டீரிங் நேராகிவிட்டால் அலைன்மென்ட் சரியாகிவிட்டது என்று நம்புவதுதான் நம்மில் பெரும்பாலோர் செய்கிற முதல் தவறு.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் இரண்டு பாதங்களையும் பாருங்கள். கட்டைவிரல்கள் ஒன்றையொன்று பார்த்தபடி உள்ளே திரும்பியிருந்தால் அது டோ-இன், வெளியே விரிந்திருந்தால் டோ-அவுட். முன் சக்கரங்களின் கதையும் இதுதான். ஸ்டீரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிதான் டை ராட்; ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று உண்டு. அதைத் திருகித்தான் டோவைச் சரிசெய்வார்கள். இரண்டு சக்கரமும் ஒரே அளவுக்கு விரிந்திருந்தால் ஒன்றின் இழுப்பை இன்னொன்று ஈடுகட்டிவிடும். ஸ்டீரிங் நேராக நிற்கும், வண்டியும் நேராகப் போகும், டயர் மட்டும் ஓசையில்லாமல் தேயும்.

எவ்வளவு தேயும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆல்டோ 800இல் வந்த 145/80 ஆர்12 டயரின் விட்டம் கிட்டத்தட்ட 540 மில்லிமீட்டர். இரண்டு சக்கரமும் சேர்ந்து வெறும் 3 மில்லிமீட்டர் விரிந்திருக்கிறது (பின் விளிம்புகளைவிட முன் விளிம்புகளுக்கிடையே அவ்வளவு கூடுதல் இடைவெளி) என்று வைத்துக்கொள்வோம். அதாவது பக்கத்துக்கு ஒன்றரை. இதன்படி ஒவ்வொரு டயரும் ஒரு கிலோமீட்டர் உருள்வதற்குள் சுமார் 2.8 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பெங்களூரிலிருந்து ஓசூர் ஒரு நாற்பது கிலோமீட்டர் என்றால், போய்ச் சேர்வதற்குள் நூறு மீட்டருக்கு மேல் ரப்பரைத் தார்ச்சாலையில் தேய்த்திருக்கிறீர்கள். தேங்காய் துருவுகிற மாதிரிதான்.

ஓட்டும்போதும் இது தெரியும், கவனித்தால். டோ-அவுட் ஆன வண்டி ஸ்டீரிங்கைத் தொட்டதும் துள்ளும். நேரே போகும்போது கையைக் கொஞ்சமும் சும்மா வைக்க விடாது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறினால் நன்றாகவே புரியும். கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர், மேலே குறுக்குக் காற்று வேறு. கனமில்லாத சின்ன கார் அங்கே ஒரு தடத்தில் நிற்காமல் அலைபாயும். நாம் காற்றைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

அந்தப் பையன் சொல்லிக்கொடுத்த ஒரு வித்தையை இப்போது மாதம் ஒரு முறை செய்கிறேன். வண்டியை நிறுத்தி ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, டயர் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒரு தரம், வெளியிலிருந்து உள்ளே ஒரு தரம் தடவிப் பார்க்க வேண்டும். மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் குத்தும் இல்லையா? அதுபோல ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் சுரசுரத்தால், டோ கெட்டிருக்கிறது. முதலில் கண்ணால் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பி வெளியே வந்த டயரில் கையை வைத்துவிடாதீர்கள். டயரின் இரண்டு ஓரமும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது; நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். அதற்கும் அலைன்மென்ட்டுக்கும் சம்பந்தமில்லை.

சரி, அடுத்த தவறு. வண்டி எது செய்தாலும் "அலைன்மென்ட் போட்டுடுங்க" என்று சொல்வது. எண்பது, தொண்ணூறு வேகத்தில் ஸ்டீரிங் உதறினால் பெரும்பாலும் பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது) பார்க்க வேண்டும், இல்லையென்றால் ரிம் வளைந்திருக்கும். வண்டி இடது பக்கம் மெல்ல ஒதுங்கினால் சாலையே காரணமாக இருக்கலாம். மழைத்தண்ணீர் வடிய நம் சாலைகளை ஓரம் நோக்கிச் சரித்துத்தான் போடுகிறார்கள். ஒரு பக்கம் பிரேக் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இழுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கினால் அந்தச் சக்கரத்தில் மட்டும் அனல் அடிக்கும். டயரே கோணலாகத் தயாராகி வந்திருப்பதும் உண்டு. முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள் (திசைக்குறி போட்ட டயராக இல்லாவிட்டால்). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். இதையெல்லாம் பார்க்காமல் நேரே மெஷினில் ஏற்றினால், அளவு சரியாக இருக்கிறது என்று தாள் வரும், வண்டி இழுத்துக்கொண்டே இருக்கும். கடையில் போய் வைத்தியத்தைச் சொல்லாதீர்கள், நோயைச் சொல்லுங்கள்.

என் வண்டியின் நோய் டை ராட் எண்டில், அதாவது டை ராட் சக்கரத்தோடு சேரும் முட்டியில் இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் இரு கையாலும் பிடித்து ஆட்டினான் பையன். 'டக் டக்' என்று சத்தம். அந்த முட்டியில் ஆட்டம் இருக்கும்வரை, மெஷினில் நிற்கும்போது ஓர் அளவு, சாலையில் ஓடும்போது வேறோர் அளவு. சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலும் இதே கதைதான். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் நகர்ந்து வண்டி ஒரு பக்கம் வெட்டும். சில்க் போர்டு பக்கத்துக் குழிகளையும், அறிவிப்பே இல்லாமல் முளைக்கிற ஹம்ப்புகளையும் தினம் தாண்டுகிற வண்டியில் இவை சீக்கிரம் போவதில் ஆச்சரியமில்லை. முதலில் பழுதான பாகம், பிறகு டயர், கடைசியாக அலைன்மென்ட். வரிசை மாறினால் காசு இரண்டு முறை.

மெஷின் தருகிற தாளைப் படிக்காமல் மடித்து வைப்பது இன்னொரு தவறு. படித்துவிட்டு எல்லா அளவும் பச்சையாக (வரம்புக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு) வேண்டும் என்று அடம்பிடிப்பதும் தவறுதான். சின்ன கார்களில் பெரும்பாலும் முன் டோவை மட்டும்தான் திருப்ப முடியும். சக்கரத்தின் உச்சி உள்ளே சாய்கிறதா வெளியே சாய்கிறதா என்பது கேம்பர். அதைக் கம்பெனியிலேயே நிர்ணயித்துவிடுகிறார்கள். சில வண்டிகளில் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) கீழ் போல்ட்டைத் தளர்த்தி இம்மியளவு நகர்த்தலாம், அவ்வளவே. கேம்பர் ஒரு பக்கம் மட்டும் மிகவும் விலகியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது என்று அர்த்தம். ஜாக்கி வைத்து நெம்பி நிமிர்த்துகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வளைந்த இரும்பை எதிர்ப்பக்கம் வளைத்தால் வலு போய்விடும்; வளைந்ததைக் கண்டுபிடித்து மாற்றுவதுதான் முறை.

கேஸ்டர் என்பது சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வு. யூ-டர்ன் போட்டுவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீரிங் தானாகத் திரும்பி வருவதற்கு அதுவே முக்கியக் காரணம். இரு பக்கமும் வித்தியாசப்பட்டால் குறைவாக இருக்கும் பக்கம் வண்டி இழுக்கும். இதையும் டை ராடைத் திருகிச் சரிசெய்ய முடியாது.

முன் இரண்டு சக்கரத்தை மட்டும் அளந்து அனுப்புகிற கடைகளும் இருக்கின்றன. பின் சக்கரங்களைத் தாங்கும் பீம் சற்றுத் திரும்பியிருந்தால் வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும். அதை ஈடுகட்ட ஸ்டீரிங்கைக் கோணலாகவே பிடிக்க வேண்டிவரும். பின்பக்கத்தைத் திருத்த முடியாவிட்டாலும் நான்கையும் அளந்தால்தான் முன்பக்கத்தை அதற்குத் தகுந்தபடி வைக்க முடியும்.

வேலை நடக்கும்போது டீ குடிக்கப் போய்விடாதீர்கள். டயரில் காற்று பார்த்தார்களா, சக்கரத்தில் அளக்கும் கிளாம்பை மாட்டிய பிறகு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினார்களா (அல்லது சக்கரத்தைச் சுழற்றினார்களா), முன் சக்கரத்தடியில் உள்ள சுழல் தட்டைப் பூட்டியிருக்கும் பின்னை எடுத்தார்களா, ஸ்டீரிங்கை நேராக நிறுத்திப் பூட்டினார்களா என்று பாருங்கள். டிக்கியில் அரிசி மூட்டை இருந்தால் இறக்கிவிடுங்கள். டை ராடை ஒரு பக்கம் மட்டும் திருகி டோ அளவைக் கொண்டுவந்தால் ஸ்டீரிங் கோணலாகும். அதை மறைக்க ஸ்டீரிங்கையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவார்கள். அப்படிச் செய்யப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். ஈ.எஸ்.சி (வண்டி சறுக்காமல் தானாகக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு) உள்ள கார் என்றால் ஸ்டீரிங் ஆங்கிள் சென்ஸாரையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

ஹம்ப்பில் அடி தட்டுகிறது என்று ஸ்பிரிங்குக்குள் ரப்பர் பஃபர் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டி உயர்ந்தால் டோவும் கேம்பரும் மாறும். பஃபர் வைத்த அன்றே மறுபடி அளக்க வேண்டும். நான் விசாரித்தவரை யாரும் செய்வதில்லை.

டை ராட் எண்ட், முன் டயர் இரண்டு, அப்புறம் அலைன்மென்ட் என்று அன்று போட்ட கணக்கில் அலைன்மென்ட்டின் பங்கு சில நூறு ரூபாய்தான். அதற்குப் பிறகு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை அளந்து, தாளைத் தேதி போட்டு க்ளவ் பாக்ஸில் சேர்க்கிறேன். இடது பின் சக்கரத்தின் கேம்பர் மட்டும் இன்னும் சிவப்பில்தான் இருக்கிறது. மூன்று தாளிலும் எண் மாறவில்லை, அந்த டயரும் சமமாகத்தான் தேய்கிறது. அதனால் இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறேன்.