டெமோ ஆட வரிசையில் நிற்கும் முன்: கேம் கண்காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம் கண்காட்சிக்குப் போனால் ஆடுவதில் போகும் நேரம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வரிசையில் போய்விடும். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆகஸ்டு மாதம் நடக்கும் கேம்ஸ்காமுக்கு 2024-இல் வந்தவர்கள் 3 லட்சத்து 35 ஆயிரம் பேர். பெரிய பெயருள்ள ஒரு கேமுக்கு அங்கே 3, 4 மணி நேரம் காத்திருப்பதெல்லாம் சாதாரணம். நம் முறை வந்ததும் டெமோவை, அதாவது கேமின் ஒரு சின்னப் பகுதியை, ஆடக் கிடைப்பது 15 நிமிடம். தாராள மனசுக்காரர்கள் என்றால் அரை மணி.

அந்தக் கொஞ்ச நேரத்தில் ட்ரெய்லரால் சொல்ல முடியாத ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம்: கேம் கைக்கு எப்படி இருக்கிறது என்பது. பட்டனை அழுத்தினால் எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது, கேமரா படுத்துகிறதா, ஓடுவதும் குதிப்பதும் சுகமாக இருக்கிறதா, இவ்வளவுதான். கதை கடைசி வரை தாங்குமா, காசுக்குத் தகுமா என்பதற்கெல்லாம் டெமோவில் பதில் கிடையாது. கண்காட்சியில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறப்பதால் வருபவைதான்.

எந்த வரிசையில் நிற்பது

வாசல் திறந்ததும் கூட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஓடுவார்கள். எல்லோரும் எதிர்பார்க்கும் கேம் என்பதற்காக அதைக் கண்காட்சியில்தான் ஆட வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. ஹாலோ நைட்: சில்க்சாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூனில், அமெரிக்காவில் அப்போது நடந்துவந்த ஈ3 கண்காட்சியின் நின்டெண்டோ அரங்கில் அதை ஆடக் கொடுத்தார்கள். அன்று ஆடியவர்கள் அதிர்ஷ்டசாலிகள், ஏனென்றால் கேம் வெளிவர இன்னும் 6 ஆண்டுகள் இருந்தன. அதே கேம் 2025 ஆகஸ்டில் கேம்ஸ்காமிலும் ஆடக் கிடைத்தது. ஆனால் அந்தக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே, செப்டம்பர் 4-இல் வெளியீடு என்று அறிவித்துவிட்டார்கள். இரண்டே வாரத்தில் வீட்டில் உட்கார்ந்து முழுசாக ஆடப்போகும் ஒன்றுக்காக அரை நாள் நிற்பது ரசிகனின் ஆசை, அதில் தப்பில்லை. ஆனால் அந்த அரை நாளில் யாருக்கும் தெரியாத நான்கு கேம்களை ஆடிப் பார்த்திருக்கலாம்.

அதனால் கிளம்புவதற்கு முன்பே பட்டியலைப் பார்த்து, அதில் ஒவ்வொரு கேமும் எப்போது வெளிவருகிறது, அதன் டெமோ ஏற்கெனவே டவுன்லோட் செய்யக் கிடைக்கிறதா என்று தேடிவிடுங்கள். பிசி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளம் ஆண்டுக்கு மூன்று முறை, பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில், நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்று ஒரு வாரத்துக்கு, இன்னும் வெளிவராத கேம்களின் டெமோக்களை இலவசமாகத் தருகிறது. கண்காட்சியில் கால் கடுக்க நின்று ஆடும் சில டெமோக்கள் அங்கேயும் வந்துவிடும். வீட்டில் கிடைக்காதவற்றுக்குத்தான் வரிசையில் நிற்பதில் அர்த்தம் இருக்கிறது: நம்மிடம் இல்லாத, தலையில் மாட்டி ஆடும் விஆர் கருவி, இன்னும் கடைக்கு வராத கன்சோல், வெளியீட்டுத் தேதியே தெரியாத கேம், செய்தவரே பக்கத்தில் நின்று பேசும் சின்ன இண்டி ஸ்டால் (பெரிய நிறுவனம் இல்லாமல் ஓரிருவரோ சிறு குழுவோ செய்த கேம்).

வரிசையின் கடைசியில் நிற்கும் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சேர்ந்துவிடுவதும் தவறுதான். "ஆட விடுவீர்களா, இல்லை காட்டுவீர்களா?" என்று முதலில் கேளுங்கள். சில அரங்குகளில் உள்ளே போனால் இருட்டு அறை, வரிசையாக நாற்காலி, பெரிய திரை, கன்ட்ரோலர் நிறுவனத்து ஆள் கையில். 2018 ஈ3-இல் சைபர்பங்க் 2077 அப்படித்தான் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் யாரும் பட்டனைத் தொடவில்லை. அப்புறம் ஆகஸ்டில் 48 நிமிட வீடியோவாக இணையத்தில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். இந்த மாதிரிக் காட்சிகளுக்கு நான் நிற்பதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதை வீட்டிலேயே செய்யலாம்.

ஒருவருக்கு எத்தனை நிமிடம், தனியாக ஆடுவதா நான்கு பேர் குழுவாகவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அரங்கம் மூட இன்னும் 2 மணி நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது, பெரிய ஸ்டால்களில் வரிசையை அதற்கு வெகு முன்பே அடைத்துவிடுவார்கள். டோக்கியோ கேம் ஷோவில் பல ஸ்டால்கள் காலையில் நேரம் குறித்த டோக்கன் கொடுக்கின்றன, அது தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். அந்தக் கண்காட்சியின் முதல் நாட்கள் தொழில்துறையினருக்கு, பொதுமக்களுக்கு வார இறுதி மட்டும். டிக்கெட் எடுக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். வன்முறை உள்ள கேம்களுக்கு வயது பார்ப்பார்கள். கேம்ஸ்காமில் அடையாள அட்டையைக் காட்டி வயதுக்கேற்ற நிறத்தில் கைப்பட்டை வாங்கி வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் 3 மணி நேரம் நின்றுவிட்டு வாசலில் திரும்புகிறவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

கன்ட்ரோலர் கைக்கு வந்ததும்

உட்கார்ந்த வேகத்தில் ஸ்டார்ட்டை அழுத்தாதீர்கள். உங்களுக்கு முன் ஆடியவர் கேமராவைத் தலைகீழாக மாற்றி வைத்திருக்கலாம், சப்டைட்டிலை அணைத்திருக்கலாம். ஆப்ஷன்ஸ் திறக்க விட்டால் அரை நிமிடம் செலவழித்துச் சரி செய்யுங்கள். திறக்கவில்லை என்றால் ஊழியரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். பட்டன் அமைப்பையும் பார்த்துக்கொள்வது நல்லது. நின்டெண்டோவில் ஏ வலப்பக்கம், எக்ஸ்பாக்ஸில் அதே ஏ கீழே. ப்ளேஸ்டேஷனில் ஜப்பான்காரர்கள் வெகுகாலம் வட்டத்தை "சரி" என்பதற்கும் பெருக்கல் குறியை "வேண்டாம்" என்பதற்கும் வைத்திருந்தார்கள். 2020-இல் ப்ளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் உலகம் முழுக்க ஒரே மாதிரி ஆனது. கை பழகிய இடத்தில் பட்டன் இல்லாததால் வரும் எரிச்சலைக் கேமின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஆனால் பலர் விடும் பெரிய கோட்டை வேறு: ஜெயிக்கப் பார்ப்பது. பின்னால் நாற்பது பேர் நின்று பார்க்கிறார்கள், டெமோவின் முடிவில் ஒரு பாஸ், அதாவது பெரிய எதிரி, நிற்கிறது, அதை வீழ்த்தாமல் போனால் மானம் போய்விடும் என்ற நினைப்பு. விளைவு, பழகிய ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்து, கேமில் புதிதாக என்ன இருக்கிறது என்று பார்க்காமலே எழுந்து போவார்கள். அந்த பாஸை வீழ்த்தியவர் என்று யாரும் உங்களை நினைவில் வைத்திருக்கப்போவதில்லை.

முதல் 2 நிமிடம் எதிரிகளை விட்டுவிடுங்கள். கன்ட்ரோலரின் குச்சியை லேசாகத் தள்ளி நடக்க விடுங்கள், முழுக்கத் தள்ளி ஓட விடுங்கள், சட்டென்று விடுங்கள். பாத்திரம் நின்ற இடத்தில் நிற்கிறதா, இரண்டடி வழுக்கிக்கொண்டு போகிறதா? ஓடும்போது எதிர்த் திசையில் திருப்பினால் உடனே திரும்புகிறதா, வட்டம் போடுகிறதா? சுவர் மூலையில் போய் நின்று கேமராவைச் சுற்றுங்கள். மோசமான கேமரா அங்கேதான் தன் குணத்தைக் காட்டும். அப்புறம் ஒரு சாதாரண எதிரியிடம் போய், நீளமான அடி ஒன்றை ஆரம்பித்து, வாள் இறங்குவதற்குள் விலகும் பட்டனை அழுத்துங்கள். அடியை நிறுத்திவிட்டு விலகினால் அது ஒரு வகை கேம். அடித்து முடித்த பிறகுதான் விலகும் என்றால் அது வேறு வகை, ஒவ்வோர் அடிக்கும் யோசித்து இறங்க வேண்டியது. இரண்டும் நல்லதுதான். உங்களுக்கு எது பிடிக்கும் என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். ட்ரெய்லரை நூறு முறை பார்த்தாலும் இது தெரியாது.

ஒரு முறை வேண்டுமென்றே சாகவும் செய்யுங்கள். எத்தனை நொடியில் திரும்ப ஆட விடுகிறது, எவ்வளவு தூரம் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது என்று தெரியும். ஐம்பது முறை சாகப்போகும் கேமில் இது சின்ன விஷயம் அல்ல.

ஆடக் கற்றுத்தரும் டுடோரியலைத் தாண்டிக் குதிப்பது இன்னொரு தவறு. நேரம் மிச்சம் என்று நினைத்துத் தாண்டிவிட்டு, முக்கியமான சக்தி எந்தப் பட்டனில் இருக்கிறது என்று தெரியாமல் 10 நிமிடம் தடுமாறுவார்கள். நாம் ஆடாமல் பார்க்க மட்டும் வரும் கதைக் காட்சி, அதாவது கட்சீன், வந்தால் மட்டும் தயங்காமல் தள்ளிவிடுங்கள். டெமோவில் கதை பெரும்பாலும் நடுவிலிருந்து வெட்டி எடுத்தது, ஆள் யார் என்றே தெரியாது. போதாக்குறைக்கு அரங்கின் சத்தத்தில் வசனம் காதில் விழாது.

ஒரு சோறு பதம் சொல்லாது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது டெமோவுக்குச் செல்லாது. இந்த ஒரு சோற்றைத் தனியாக எடுத்துப் பக்குவமாக வேகவைத்திருக்கிறார்கள். கேமின் ஏதோ ஒரு பகுதியை மட்டும் முழு மெருகோடு முடித்துக் கொண்டுவருவது வழக்கம், மற்ற இடங்களில் அப்போது வெறும் சாம்பல் நிறப் பெட்டிகள்கூட நிற்கலாம். டெமோ முழுக்க நீங்கள் தடுக்கி விழாதபடி பாத்திரத்துக்குக் கூடுதல் பலம் கொடுத்திருப்பார்கள், முழு கேமில் 10 மணி நேரம் கழித்துக் கிடைக்கும் ஆயுதத்தை முதலிலேயே கையில் கொடுத்திருப்பார்கள். மேசைக்கு அடியில் ஓடுவது நீங்கள் வாங்கப்போகும் கன்சோல் இல்லாமல் பலமான பிசியாகவும் இருக்கலாம். அதனால் கிராபிக்ஸையும் ஃப்ரேம் ரேட்டையும் வைத்து முடிவுக்கு வருவது வீண்.

இதற்கு எடுத்துக்காட்டுகள் நிறைய. 2012 ஈ3-இல் வாய் பிளக்க வைத்த வாட்ச் டாக்ஸ், 2014-இல் கைக்கு வந்தபோது ஒளியும் மழையும் மங்கிப்போயிருந்தன. ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ் 2013-இல் வெளிவந்தபோது, முன்னே காட்டியதற்கும் வந்ததற்கும் இருந்த வித்தியாசம் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு வரை புகாராகப் போனது. ட்ரெய்லர்கள் இறுதிக் கேமைச் சரியாகக் காட்டவில்லை என்று வெளியீட்டாளர் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2015 கேம்ஸ்காமில் ஆடிக் காட்டப்பட்ட ஸ்கேல்பவுண்ட் வெளிவரவே இல்லை, 2017 ஜனவரியில் கைவிட்டுவிட்டார்கள். இத்தனைக்குப் பிறகும் ஸ்டாலை விட்டு வெளியே வந்த சூட்டில் ப்ரீ-ஆர்டர் போடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2016 ஈ3-இல் ஸெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்டின் டெமோவில் ஆடக் கிடைத்தது தொடக்கத்தில் வரும் பீடபூமி மட்டும். ஊர்கள் கிடையாது, பேச ஆட்களும் அனேகமாகக் கிடையாது. உலகம் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று அதை வைத்து முடிவு கட்டியிருந்தால், 2017 மார்ச்சில் ஊர்களும் சந்தைகளுமாக வந்த கேம் அதைப் பொய்யாக்கியிருக்கும். டெமோவில் பாத்திரம் தரைக்குள் புகுந்துவிட்டது, ஒரு முறை முடங்கிப்போனது என்பதை வைத்தும் ஒரு கேமை ஒதுக்காதீர்கள். இன்னும் ஓராண்டு வேலை பாக்கி உள்ள கேம் அப்படித்தான் இருக்கும். அடுத்த மாதம் வெளியீடு என்றால் மட்டும் கவலைப்படலாம்.

பின்னால் நிற்பவரிடம் பேசுவது

பெரிய ஸ்டால்களில் உதவிக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சில நாட்களுக்கு மட்டும் வேலைக்கு வந்தவர்கள். வெளியீட்டுத் தேதியைக் கேட்டு அவர்களைத் துளைப்பதில் பயனில்லை. இண்டி ஸ்டாலில் கதையே வேறு. உங்கள் தோளுக்குப் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பவர் மூன்று, நான்கு ஆண்டு உழைப்பை உங்கள் கையில் கொடுத்திருக்கிறார். "சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. "இந்தக் கதவு திறக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை", "பாலத்தில் எந்தப் பக்கம் போவது என்று குழம்பினேன்" என்று சொல்லுங்கள். ஆடும்போது வாய்விட்டு யோசித்தால் இன்னும் நல்லது. மாட்டிக்கொண்டால் "எனக்கு ஆடத் தெரியவில்லை, மன்னிக்கணும்" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் மாட்டிக்கொள்ளும் இடத்தைப் பார்க்கத்தான் அவர் நிற்கிறார். அதே சமயம், கேமை அவருக்கே திருத்தி வடிவமைத்துக் கொடுக்கும் வேலையில் இறங்காதீர்கள், வரிசை காத்திருக்கிறது.

படம் எடுக்கலாமா என்று கேட்காமல் போனைத் தூக்காதீர்கள். மூடிய அறை டெமோக்களில் பெரும்பாலும் அனுமதி இருக்காது, மீறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே கன்ட்ரோலரை நாள் முழுக்க நூறு பேர் பிடிக்கிறார்கள். 2009-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்த பாக்ஸ் கேம் கண்காட்சிக்குப் போனவர்களிடையே எச்1என்1 காய்ச்சல் பரவியது. சானிடைசரைப் பையில் வையுங்கள், கையை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். விஆரில் லேசாகத் தலை சுற்றினாலும் உடனே கழற்றிவிடுங்கள். காத்திருந்தோமே என்று பல்லைக் கடித்து ஆடினால் மிச்ச நாள் முழுக்கக் குமட்டிக்கொண்டே இருக்கும்.

ஆடி முடித்து அடுத்த வரிசைக்குப் போனதும் போனில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்: கேமின் பெயர், கைக்கு எப்படி இருந்தது, எது உறுத்தியது. சாயங்காலத்துக்குள் ஐந்தாறு வாள் சண்டைகளும் ஒன்றாகக் கலந்துவிடும். பிடித்த இண்டி கேம் என்றால் அங்கேயே நின்று ஸ்டீமில் விஷ்லிஸ்டில் போட்டுவிடுங்கள். செய்தவருக்குப் பாராட்டைவிட அந்த எண்ணிக்கைதான் உதவும், வெளியீட்டு நாளில் உங்களுக்கும் மின்னஞ்சல் வந்துவிடும்.