'பாமி' என்ற சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இங்கிலாந்துக்காரரைக் குறிக்க வழங்கும் சொல் 'பாமி' (Pommy). சுருக்கமாக 'பாம்' (Pom) என்றும் சொல்வார்கள். இதன் பிறப்பைக் கேட்டால் பலரும் ஒரே கதையைச் சொல்வார்கள்: 'மாட்சிமை தங்கிய மன்னரின் கைதி' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளின் சட்டையில் பொறிக்கப்பட்டிருந்தன, அவை சேர்ந்தே இச்சொல் உருவானது என்பது அக்கதை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லின் வேரைத் தேடப் புகுந்தவர் கதையைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, அச்சொல் அச்சில் முதன்முதலாக எப்போது தென்படுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

'பாமி'க்குக் கிடைக்கும் பழைய சான்றுகள் 1912-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. கைதிகளை ஏற்றிய கப்பல்களோ 1788-இல் வரத் தொடங்கி, 1868-இல் அடியோடு நின்றுவிட்டன. எண்பது ஆண்டுக் காலக் கைதி வரலாற்றில் கடிதத்திலோ நீதிமன்றப் பதிவிலோ தலைகாட்டாத ஒரு சொல், கடைசிக் கப்பல் வந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துத் திடீரென முளைத்திருக்குமா? முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் ஆக்கும் வழக்கமே இருபதாம் நூற்றாண்டுக்கு முன் மிக அரிது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தக் கதை நிற்காது.

அடுத்து, பழைய சான்றின் எழுத்துக்கூட்டலை நிதானமாகப் படிக்க வேண்டும். என் அனுபவத்தில் விடை பெரும்பாலும் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். சிட்னியிலிருந்து வெளிவந்த 'புல்லட்டின்' வார இதழின் 1912 நவம்பர் 14-ஆம் தேதி இதழில், 'பம்மி கிரான்ட்' ஒருவரிடம் கடிவாளத்தைக் கொடுத்து ஒரு குதிரையைப் பிடித்துவரச் சொன்னார்கள் என்று ஒரு வரி வருகிறது. அரசு உதவியோடு குடியேறியவர் என்று அடைப்புக்குறிக்குள் விளக்கமும் இருக்கிறது. இங்கே 'பம்மி' தனியாக வரவில்லை, 'கிரான்ட்' என்ற குடும்பப்பெயரையும் கூட்டிக்கொண்டு வருகிறது. குடியேறியவரைக் குறிக்கும் 'இம்மிகிரன்ட்' என்ற சொல்லை எதுகைக்காக 'ஜிம்மி கிரான்ட்' என்று ஆள்பெயராக்கிக் கூப்பிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்த வழக்கம். அதே விளையாட்டின் அடுத்த சுற்றில் மாதுளம்பழத்தின் பெயரான 'பாமிகிரானெட்' உள்ளே வந்தது. அதன் தலைப்பகுதி மட்டும் நிலைத்து 'பாமி' ஆயிற்று. வெயிலில் சிவந்த புதியவர்களின் கன்னமும் மாதுளையை நினைவூட்டி அதற்குத் துணைநின்றிருக்கலாம்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் பழைய செய்தித்தாள்களை இலவசமாகத் தேடலாம். 'பாம்' என்று மட்டும் தேடினால் 'பாம்' என்றே சுருக்கி அழைக்கப்படும் பொமரேனியன் நாய்களின் விளம்பரங்களும் வந்து குவியும் என்பதால், குடியேற்றத்தோடு தொடர்புள்ள சொல் ஒன்றையும் சேர்த்துத் தேடுங்கள். கணினி படித்துத் தரும் எழுத்துகளில் பிழை மலிந்திருக்கும். ஆகவே, பக்கத்தின் படத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்தச் சான்றையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு, சொல்லின் தொனி காலப்போக்கில் எப்படி மாறியது என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 10 பவுண்டு கட்டணத்தில் கப்பலேறி வந்தவர்கள் 'பத்துப் பவுண்டு பாம்கள்' எனப்பட்டார்கள். அவர்களில் பலர் அந்தப் பெயரைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். இன்று நண்பர்களிடையே கேலியாகப் புழங்கினாலும், முன்னால் ஒரு வசவு சேர்ந்தால் அதே சொல் சுடும்.

தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் இதை 'வெள்ளைக்காரன்' என்று எழுதிவிடக் கூடாது. சொல்பவரே பெரும்பாலும் வெள்ளையர்தான். இச்சொல் குத்திக்காட்டுவது நிறத்தை அன்று, நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய புதுமையை. 'பாமி' என்றே வைத்துக்கொண்டு, முதன்முறை வரும் வாக்கியத்திலேயே பொருள் விளங்கும்படி எழுதுவது மேல்.