கேமரா யார் கையில்? அமெரிக்கக் கறுப்பினப் படங்களைப் பார்க்க ஒரு வழிகாட்டி

1989இல் வெளியான இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். ‘டிரைவிங் மிஸ் டெய்ஸி’ ஒரு வெள்ளைக்கார மூதாட்டிக்கும் அவருடைய கறுப்பின ஓட்டுநருக்கும் இடையே வளரும் நட்பைச் சொன்னது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. ஸ்பைக் லீயின் ‘டூ தி ரைட் திங்’ அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்படக்கூட இல்லை. இரண்டுக்கும் பேசுபொருள் இனம்தான். ஆனால் முதலாவதில் கறுப்பர் ஒரு கதாபாத்திரம். இரண்டாவதில் கேமராவே அவர் கையில் இருக்கிறது. கறுப்பினச் சினிமா என்று நாம் இங்கே சொல்வது இரண்டாவது வகையை.

அப்படிப்பட்ட படங்களை வீட்டிலோ ஒரு சிறு திரையிடல் குழுவிலோ ஊன்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கான வழிமுறை இது. அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆப்பிரிக்கா, பிரிட்டன், கரீபியத் தீவுகளின் படங்களுக்குத் தனித்தனி வரலாறு உண்டு. எல்லாவற்றையும் கலந்து பார்த்தால் எதுவும் பிடிபடாது.

தொடங்கும் முன்

வாரத்துக்கு ஒரு படம், மொத்தம் ஐந்து: ‘விதின் அவர் கேட்ஸ்’ (1920), ‘டூ தி ரைட் திங்’ (1989), ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ (1991), ‘மூன்லைட்’ (2016), ‘கெட் அவுட்’ (2017). வெளியான வரிசையிலேயே பாருங்கள். விறுவிறுப்பாக இருக்கிறதே என்று பலர் ‘கெட் அவுட்’டில் ஆரம்பிக்கிறார்கள். முந்தைய படங்களின் பழக்கம் இல்லாமல் பார்த்தால் அது வெறும் பேய்ப்பட அனுபவமாகவே முடிந்துபோகிறது.

ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை நிறுத்தவே வேண்டாம். இரண்டாம் முறை ரிமோட்டும் நோட்டும் கையில் இருக்கட்டும். நோட்டில் நான்கு கேள்விகள் போதும்: இந்த ஷாட்டில் யார் யாரைப் பார்க்கிறார்? வெளிச்சம் யார் முகத்துக்காக வைக்கப்பட்டிருக்கிறது? இவரை இந்தப் பெயரால் அழைப்பது யார்? இந்த இடத்தில் நான் யாருக்காகப் பதறுகிறேன்? ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் அந்தக் காட்சி வரும் நிமிடத்தைக் குறித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் பிறகு நடக்கும் உரையாடல் பொத்தாம்பொதுவான அபிப்பிராயங்களாகக் கரைந்துவிடும்.

டிவியைச் சரிசெய்வதும் முக்கியம். ‘விவிட்’, ‘டைனமிக்’ மோடுகள் நிழல்களைச் சிதைத்து, கருந்தோலின் நுட்பமான நிறபேதங்களைத் தட்டையாக்கிவிடும். ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு மாற்றி, மோஷன் ஸ்மூதிங்கை அணைத்து, அறை விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். செல்போனில் குறைந்த தரத்தில் பார்த்தால் ‘மூன்லைட்’டின் இரவுக் காட்சிகள் வெறும் கட்டம் கட்டமான கறுப்பாகத்தான் தெரியும். டப்பிங் வேண்டாம். வட்டார வழக்கும் பேசுபவரின் வர்க்கமும் குரலில்தான் இருக்கின்றன. மூல ஒலியோடு சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

பதில் சொல்லும் படம்

ஆஸ்கர் மிஷோவின் ‘விதின் அவர் கேட்ஸ்’ ஒரு மௌனப் படம். இன்று கிடைப்பவற்றில், கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்த மிகப் பழைய முழுநீளப் படம் இதுவே. 1915இல் டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ நினைவில் இல்லாமல் இதைப் பார்த்தால் பாதிதான் புரியும். அந்தப் படத்தில் முகத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர் கறுப்பராக வந்து ஒரு வெள்ளைப் பெண்ணைத் துரத்துகிறார். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மீட்பர்களாக வருகிறது. அதே ஆண்டில் கிளான் அமைப்பு நிஜத்திலும் மறுபிறவி எடுத்தது. மூன்று மணி நேரப் படம் முழுவதையும் சகித்துக்கொள்ளத் தேவையில்லை. துரத்தல் காட்சியையும் இறுதி மீட்புக் காட்சியையும் மட்டும் பாருங்கள்.

பிறகு மிஷோவின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள். ஒருபக்கம் வெள்ளையர் கும்பல் லேண்ட்ரி குடும்பத்தைத் தூக்கிலிடுகிறது. மறுபக்கம் அந்தக் குடும்பத்தின் வளர்ப்பு மகள் சில்வியாவை ஒரு வெள்ளைக்காரர் பலாத்காரம் செய்ய முயல்கிறார். அவள் மார்பிலுள்ள தழும்பைக் கண்டதும்தான் அவள் தன் சொந்த மகள் என்பது அவருக்குத் தெரிகிறது. இரண்டு நிகழ்வுகளையும் மாறி மாறி வெட்டிக் காட்டுகிறார் மிஷோ. கிரிஃபித் மீட்புக்குப் பயன்படுத்திய அதே எடிட்டிங் உத்தி, இங்கே வன்முறை உண்மையில் யாருடையது என்பதைக் காட்டுகிறது.

நெட் என்ற போதகர் வரும் இடத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். வெள்ளைக்காரர்கள் அவரைப் பின்புறத்தில் உதைக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார். கதவு மூடியதும் முகம் விழுகிறது. வெள்ளையருக்குக் காட்டும் முகம் ஒன்று, தனக்கென்று வைத்திருக்கும் முகம் ஒன்று: கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் 1903இல் எழுதிய இரட்டை உணர்வை, ஒரே நடிகரின் முகத்தில் சில விநாடிகளுக்குள் பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் படம் பல பத்தாண்டுகள் காணாமல் போய், ஸ்பெயினில் ஒரே ஒரு பிரதியாகக் கிடைத்தது. இடையில் வரும் எழுத்து அட்டைகளில் பெரும்பாலானவை ஸ்பானிஷிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவரப்பட்டவை. ஆகவே அட்டைகளின் சொல்லாட்சியை வைத்து வாதம் கட்டாதீர்கள். காட்சியை நம்புங்கள்.

சுவர், குப்பைத்தொட்டி, கடைசி எழுத்துகள்

‘டூ தி ரைட் திங்’ புரூக்ளினில் ஒரே ஒரு கடும் வெயில் நாளில் நடக்கிறது. ஒளிப்பதிவு எர்னஸ்ட் டிக்கர்சன். சாலின் பீட்ஸா கடைச் சுவரில் இத்தாலிய அமெரிக்கர்களின் படங்கள் மட்டுமே தொங்குகின்றன. கறுப்பர்கள் வாங்கிச் சாப்பிடும் கடையில் கறுப்பர் ஒருவரின் படம்கூட இல்லாதது ஏன் என்ற கேள்வியிலிருந்தே எல்லாம் வெடிக்கிறது.

இரண்டு காட்சிகளை மறுபடி மறுபடி பாருங்கள். முதலாவதில், சாலின் மகனும் கறுப்பர்களை வெறுப்பவனுமான பீனோவிடம் அவனுக்குப் பிடித்த கூடைப்பந்து வீரர், நடிகர், பாடகர் யார் என்று கடையில் வேலை செய்யும் கறுப்பின இளைஞன் மூக்கி கேட்கிறான். மேஜிக் ஜான்சன், எடி மர்ஃபி என்கிறான் பீனோ. பாடகர் பிரின்ஸ்தான் என்று மூக்கியே சொல்லிவிடுகிறான். மூவரும் கறுப்பர்கள்! அவர்களெல்லாம் உண்மையில் கறுப்பர்களே அல்ல என்று சமாளிக்கிறான் பீனோ. இனவெறி தன் சொந்த ரசனைக்கு எதிராகவே எப்படித் தர்க்கம் பேசும் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சி வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. இரண்டாவதில் ஐந்து பேர் ஒருவர்பின் ஒருவராக நேரே கேமராவைப் பார்த்து மற்ற இனத்தவரை வசைபாடுகிறார்கள். திட்டு வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது நாம்தான்.

உரையாடலில் வழக்கமாகத் தடம் புரள்வது இங்கேதான். மூக்கி குப்பைத்தொட்டியை எறிந்து கடைக் கண்ணாடியை உடைத்தது சரியா என்று அரை மணி நேரம் விவாதிப்பார்கள். அதற்கு முன் போலீஸ் கழுத்தை நெரித்துக் கொன்ற ரேடியோ ரஹீமை யாரும் குறிப்பிட மாட்டார்கள். விவாதம் அப்படிப் போனால் நடத்துபவர் அதையே எடுத்துச் சொல்ல வேண்டும்: உடைந்த கண்ணாடி நினைவிருக்கிறது, உயிர் எங்கே போனது? படம் முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள். மைக்கேல் ஸ்டூவர்ட், எலினார் பம்பர்ஸ் போன்ற, நியூயார்க்கில் நிஜமாகவே உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்குக் கடைசி எழுத்துகளில் ஸ்பைக் லீ படத்தைச் சமர்ப்பித்திருக்கிறார்.

தோலும் வெளிச்சமும்

கலர் ஃபிலிம் நீண்டகாலம் வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்தே சரிபார்க்கப்பட்டது. இப்படிச் சரிபார்ப்பதற்காகக் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி’ அட்டைகளில் வெள்ளைப் பெண்களே இருந்தார்கள். அதனால் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே ஃப்ரேமில் நிற்கும் பழைய ஹாலிவுட் படங்களில், வெள்ளை முகத்துக்கு எக்ஸ்போஷர் வைக்கப்பட்டு, கறுப்பு முகம் பின்னணியோடு கலந்துவிடுவதைப் பார்க்கலாம்.

ஜூலி டாஷின் ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’, அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியான, கறுப்பினப் பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம். 1902இல், அமெரிக்கத் தென்கிழக்குக் கடலோரத் தீவொன்றில் வாழும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த கல்லா மக்களின் குடும்பம் வடக்கே குடிபெயரத் தயாராகிறது. கதை வட்டமாகச் சுற்றும். முதல் அரை மணி நேரம் யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடாது. குடும்ப மரத்தை முன்கூட்டியே ஒரு தாளில் வரைந்து வைத்தால் இந்தத் தடுமாற்றம் பாதியாகக் குறையும். பாட்டி நானாவின் கைகளைப் பாருங்கள்: அவுரிச் சாயத்தில் தோய்ந்த நீலம். அடிமைத்தனம் என்றாலே முதுகில் சாட்டைத் தழும்பு என்று பழகிவிட்ட பிம்பத்தை விட்டுவிட்டு, டாஷ் தேர்ந்தெடுத்த வேறு அடையாளம் அது.

‘மூன்லைட்’டில் ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் லாக்ஸ்டன் தோலை மங்கவிடாமல் பளபளக்கவிட்டிருக்கிறார். கன்னத்திலும் நெற்றியிலும் விழும் ஒளித்துளிகளைக் கவனியுங்கள். மூன்று பகுதிகளின் தலைப்பும் ஒரே மனிதனின் பெயர்கள்: லிட்டில், சிரோன், பிளாக். முதலாவது மற்றவர்கள் ஒட்டியது, இரண்டாவது தாய் வைத்தது, மூன்றாவது நண்பன் கொடுத்தது. சிறுவன் சிரோனுக்கு ஆதரவு தரும் ஹுவான் கடற்கரையில் அவனிடம் சொல்வதை இந்த மூன்றோடும் சேர்த்து யோசியுங்கள்: நீ யாராக இருக்கப்போகிறாய் என்பதை ஒருநாள் நீதான் முடிவுசெய்ய வேண்டும். இனம், ஏழ்மை, ஆண்மை, ஓரினக் காதல் நான்கையும் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்துப் பேசினால் சிரோன் காணாமல் போய்விடுவான்.

கடைசி வாரம்

‘கெட் அவுட்’டின் நாயகன் கிறிஸ் ஒரு புகைப்படக் கலைஞன். பார்வையற்ற வெள்ளையர் ஒருவர் விலைக்கு வாங்க நினைப்பது அவனுடைய கண்களை. முடிவில் சிவப்பும் நீலமுமாக வாகன விளக்குகள் தெரியும்போது நிறுத்தி, எல்லோரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இப்போது யாருக்காகப் பயந்தீர்கள்? சாதாரண திகில் படத்தில் போலீஸ் வந்தால் நிம்மதி. இங்கே வயிறு கலங்குகிறது. இயக்குநர் ஜோர்டன் பீல் முதலில் எடுத்த முடிவில் கிறிஸ் சிறைக்குப் போகிறான். அந்தக் காட்சி டிஸ்கில் இருந்தால் சேர்த்துப் போட்டுக் காட்டுங்கள்.

தமிழ்க் குழுக்களில் பேச்சு சீக்கிரமே சாதிக்கு வந்துவிடும். அது இயல்பு. 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் அமைப்பே அமெரிக்கக் கறுப்பின அமைப்பான பிளாக் பேந்தர்ஸிடமிருந்துதான் பெயரை எடுத்தது. ஆனால் ஒப்பீட்டைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒத்திவையுங்கள். சாதி தோலில் தெரிவதில்லை. ஊர்ப் பெயரிலும் குடும்பப் பெயரிலும் தெருவிலும் விசாரித்து அறியப்படுகிறது. ஆகவே சாதியை மறைப்பதும் கண்டுபிடிப்பதும் திரையில் வேறு விதமாகத்தான் காட்டப்பட வேண்டியிருக்கும். நோட்டில் குறித்த நிமிடங்களைப் பேசி முடித்தபின் இதை எடுத்தால், இரண்டு வரலாறுகளுக்கும் நியாயமாகப் பேச நேரம் இருக்கும்.