அமெரிக்க இலக்கியத்துக்கு வாசிப்பனுபவக் கட்டுரை எழுதுவது எப்படி?

ஆங்கில இலக்கியம் பயிலும் இளங்கலை மாணவர்களிடம், அடிமை வாழ்விலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸின் தன்வரலாறு, கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதைகள், கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் படித்து, மனத்தில் எழுந்த எண்ணங்களைக் கட்டுரையாக எழுதித் தரச் சொல்வதுண்டு. அப்படி எழுதப்பட்ட கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திவருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை சுதந்திரம் மனிதனின் பிறப்புரிமை என்று தொடங்கி, அடையாளம், சமத்துவம், உரிமை என்று நான்கு பக்கம் சுற்றிவிட்டு, மீண்டும் சுதந்திரத்திலேயே வந்து நிற்கின்றன. படித்த நூல் எது என்பதைத் தலைப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பெரிய சொற்களை ஒதுக்கிவைத்துவிட்டு, படிக்கும்போது உங்களை நிறுத்திய ஓர் இடத்திலிருந்து எழுதத் தொடங்குவதே இதற்கு நான் அறிந்த மாற்று. அதைச் செய்யும் முறையைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுதல்

முதல் வாசிப்பில் கையில் ஒரு பென்சில் இருந்தால் போதும், கைடு வேண்டாம். கண்ணீர் வரவழைக்கும் இடங்களையோ முக்கியமானவை என்று வகுப்பில் சொல்லப்பட்ட இடங்களையோ தேடிப் போகாமல், வாசிப்பு தானாகத் தடைப்பட்ட வரிகளை மட்டும் ஓரத்தில் கோடிட்டு வையுங்கள். இது என்ன, ஏன் இதை இங்கே சொல்கிறார் என்று ஒரு கணம் தோன்றியிருந்தால் அது போதுமான காரணம்.

டக்ளஸின் 1845ஆம் ஆண்டுத் தன்வரலாற்றின் முதல் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். மேரிலாந்து மாநிலத்தில், ஈஸ்டன் என்ற ஊரிலிருந்து ஏறக்குறைய 12 மைல் தொலைவில் தாம் பிறந்ததாக அவர் தொடங்குகிறார். அடுத்த வாக்கியத்திலேயே தம் வயது தமக்குச் சரியாகத் தெரியாது என்கிறார். குதிரைகளுக்குத் தங்கள் வயது எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அடிமைகளுக்கும் தெரியும் என்றும், வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் வயதைச் சொல்ல முடிந்தபோது தம்மால் மட்டும் ஏன் சொல்ல முடியவில்லை என்று சிறுவயதிலேயே வருந்தியதாகவும் எழுதுகிறார். இன்னும் சிறிது தூரம் படித்தால் அதே 12 மைல் மறுபடியும் வருகிறது. கைக்குழந்தையாக இருந்தபோதே அவரைத் தாயிடமிருந்து பிரித்து, அந்தத் தாயை 12 மைல் தள்ளியிருந்த ஒருவரிடம் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் அவ்வளவு தூரமும் நடந்து வந்து, மகனை அணைத்துப் படுத்து உறங்கவைத்துவிட்டு, அவன் விழிக்கும் முன்பே அந்தத் தாய் திரும்பிப் போயிருக்கிறார். சூரியன் உதிக்கும்போது வயலில் இல்லாவிட்டால் சவுக்கடி. அப்படி அவர் தாயைப் பார்த்தது வாழ்நாளில் நான்கைந்து முறைதான். அவருக்கு ஏழு வயது இருக்கும்போது தாய் இறந்துபோகிறார். அந்தச் செய்தியை, யாரோ ஒரு அந்நியரின் சாவைக் கேட்பதுபோலவே கேட்டதாக எழுதுகிறார்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாணவர்களில் பலர் தாய்ப்பாசத்தைப் பற்றி எழுதுவார்கள். ஆனால் நின்று படித்த ஒருவருக்கு வேறொன்று தட்டுப்படும்: இந்த அத்தியாயத்தில் தூரத்துக்கு அளவு இருக்கிறது, உயிருக்கு அளவு இல்லை. நிலத்தையும் சொத்தையும் அளந்து எழுதிவைத்த ஒரு சமூகம், அந்த நிலத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியைக்கூடத் தெரியப்படுத்தவில்லை. அடையாளம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமலேயே அடையாளத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டோம் அல்லவா? கட்டுரையின் முதல் பத்திக்கு இது போதும். அந்நியரின் சாவு என்ற அந்த ஒப்புமையை அடுத்த பத்திக்கு வைத்துக்கொள்ளலாம். தாய் இறந்ததற்காக வருந்த முடியாமற்போனதையே தமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளில் ஒன்றாக அவர் காட்டுகிறாரா என்ற கேள்வி அதில் இருக்கிறது.

ஆண்டுகளை உடன் வைத்துக்கொள்ளுதல்

வரலாற்றை ஒரு தனிப் பத்தியாக எழுதிக் கட்டுரையின் முன்னால் ஒட்டிவைக்க வேண்டியதில்லை. எடுத்துக்கொண்ட வரியைப் புரிந்துகொள்ள எந்த ஆண்டு தேவையோ அதை மட்டும் அங்கே கொண்டுவந்தால் போதும். 1838இல் தப்பிச்சென்ற டக்ளஸ், இந்த நூல் வெளிவந்த 1845இல் சட்டப்படி இன்னும் ஒருவரின் உடைமையாகவே இருந்தார். நூலில் தம் எஜமானர்களின் பெயர்களையும் ஊரையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால் மீண்டும் பிடிபடும் ஆபத்து கூடியது. அவர் கடல் கடந்து அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் சென்றார். அங்குள்ள ஆதரவாளர்கள் 711 டாலர் 66 சென்ட் கொடுத்து அவருடைய விடுதலையை 1846இல் விலைக்கு வாங்கினார்கள். இந்தத் தகவலைத் தெரிந்துகொண்ட பிறகு நூலின் தலைப்புப் பக்கத்தைப் பாருங்கள்: "அவரே எழுதியது" என்று தலைப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள். அடிமையாக இருந்த ஒருவரால் இப்படி எழுத முடியுமா என்று சந்தேகிப்பவர்களுக்கான பதில் அது. எப்படித் தப்பினார் என்பதை மட்டும் அவர் இந்த நூலில் சொல்லவில்லை. சொன்னால் பிறர் தப்பும் வழி அடைபட்டுவிடும். அதை அவர் விவரித்தது 1881இல் வெளிவந்த மூன்றாவது தன்வரலாற்றில்தான்.

பல கட்டுரைகளில் அடிமைமுறையும் கிங்கின் போராட்டமும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நடந்ததுபோல ஒன்றாகக் குழைந்து கிடக்கும். அடிமைமுறையை ஒழித்த, அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1865இல் வந்தது. பிரித்துவைத்தாலும் சமமாக நடத்தினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1896இல் தீர்ப்பளித்தது; பள்ளிகளைப் பொறுத்தவரை அந்தக் கொள்கை செல்லாது என்று அதே நீதிமன்றம் சொல்ல 1954 ஆயிற்று. கிங் கடிதம் எழுதியது 1963இல். இடையில் ஏறத்தாழ நூறாண்டுகள் இருக்கின்றன.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சிக்கல்கள்

கட்டுரையைத் தமிழில் எழுதுபவர்களுக்கும், தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். கிங் தலைமையேற்ற போராட்டத்தைக் குடியுரிமை இயக்கம் என்று எழுதுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் குடியுரிமை என்பது ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் தகுதி. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1857இல் கூறியது. 1868இல் வந்த 14ஆவது திருத்தம் அதை மாற்றி அவர்களுக்குக் குடியுரிமை அளித்தது. கிங்கின் காலத்து மக்கள் கேட்டவை, ஏற்கெனவே குடிமக்களாக இருப்பவர்களுக்கு உரிய வாக்கு, பள்ளி, பேருந்து இருக்கை, உணவகத்து மேசை ஆகியவற்றைத்தான். தாளில் குடிமகன், தெருவில் இல்லை என்பதே அவர்களின் முறையீடு. குடியுரிமை என்று எழுதினால் அந்த முறையீட்டின் கூர்மை மழுங்கிவிடுகிறது. குடிமை உரிமைகள் என்று எழுதுவதே பொருந்தும்.

அடுத்தது அவன், அவர் என்ற சிக்கல். ஆங்கிலத்தில் இந்த முடிவை எடுக்க வேண்டிய தேவையே இல்லை. தமிழிலோ ஒவ்வொரு வினைமுற்றிலும் எடுத்தாக வேண்டும். டக்ளஸ் சிறுவனாக இருக்கும்போது அவன் என்று எழுதுவதா? அடிமைப் பெண்ணை அவள் என்பதா? நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான்: கட்டுரையாளராக நீங்கள் பேசும்போது அவர் என்றே எழுதுங்கள், எஜமானின் பார்வையைக் காட்டும் வாக்கியத்தில் மட்டும் அவனும் அவளும் வரட்டும், தாயின் கண்ணில் தெரியும் மகனை அவன் என்பதில் தவறில்லை. (மேலே நானும் ஓரிடத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.) இது வெறும் மரியாதை விவகாரம் இல்லை. கிங் தம் கடிதத்தில், எத்தனை வயதானாலும் கறுப்பின ஆணைப் பையன் என்று அழைப்பதையும், மனைவிக்கும் தாய்க்கும் திருமதி என்ற அடைமொழியை ஒருபோதும் தராததையும் அவமதிப்புகளின் பட்டியலில் சேர்க்கிறார். விகுதியில் மரியாதை வைத்திருக்கும் மொழியைப் பேசுபவர்களுக்கு இந்த வரி விளக்கமில்லாமலே புரியும். புரிந்த விதத்தைக் கட்டுரையில் எழுதுங்கள். அது வேறு யாரிடமிருந்தும் நகலெடுக்க முடியாதது.

லாங்ஸ்டன் ஹியூஸின் 1926ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள ஒரு சிறு கவிதையிலும் இப்படி ஒன்று நிகழ்கிறது. விருந்தினர் வரும்போது சமையலறைக்கு அனுப்பப்படும் கறுப்புச் சகோதரன், நாளை தானும் மேசையில் உட்காரப்போவதாகச் சொல்லும் கவிதை அது. நானும் அமெரிக்காவைப் பாடுகிறேன் என்று தொடங்குவது, நானும் அமெரிக்கா என்று முடிகிறது. ஆங்கிலத்தில் too என்ற தனிச்சொல்லாக, இருபுறமும் காற்புள்ளியோடு நிற்பது தமிழில் ஓர் உம்முக்குள் அடங்கிவிடுகிறது. கடைசி வரியில் வினைச்சொல்லே தேவைப்படவில்லை. ஒரு வரியை மொழிபெயர்த்துப் பார்த்தால் அது எங்கே வலுப்பெறுகிறது, எங்கே இழக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு பத்திக்கு வேண்டிய விஷயம் அங்கேயே கிடைக்கும்.

ஒரு நீண்ட வாக்கியத்தைப் படிக்கும் விதம்

கிங் 1963 ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று பர்மிங்காமில் கைதானார். ஆர்ப்பாட்டங்கள் வேண்டாம், நீதிமன்றத்தையும் பேச்சுவார்த்தையையும் நாடுங்கள் என்று வெள்ளையின மதகுருமார்கள் எட்டுப் பேர் விடுத்த அறிக்கை அவர் கைக்குக் கிடைத்தது. அதற்கான பதிலைச் செய்தித்தாளின் ஓரங்களில் எழுதத் தொடங்கினார். கடிதத்தில் இருக்கும் தேதி ஏப்ரல் 16.

அதில் 300க்கும் மேற்பட்ட சொற்களாலான ஒரு வாக்கியம் இருக்கிறது. நீங்கள் இதைப் பார்த்திருந்தால், இதைக் கேட்டிருந்தால் என்று அரைப்புள்ளிகளால் அடுக்கிக்கொண்டே போகிறார். கும்பல் கொலைகளுக்கும் போலீஸ் வன்முறைக்கும் நடுவே, தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த பொழுதுபோக்குப் பூங்காவுக்குத் தன்னை ஏன் கூட்டிப்போகக் கூடாது என்று கேட்கும் ஆறு வயது மகள் வருகிறாள்; பதில் சொல்ல முடியாமல் தந்தையின் நாக்கு குழறுகிறது. காத்திருப்பது எங்களுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பது அப்போது உங்களுக்குப் புரியும் என்று வாக்கியத்தின் கடைசியில்தான் முடிக்கிறார். முதன்மை வினை முன்னாலேயே வந்துவிடும் மொழி ஆங்கிலம். அதில் இவ்வளவு தூரம் அதைத் தள்ளிப்போடுவது திட்டமிட்டுச் செய்தது. காத்திருங்கள் என்று சொன்னவர்களை ஒரு வாக்கியத்துக்குள் காத்திருக்க வைக்கிறார். நம் மொழியில் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும் என்பதால், மொழிபெயர்ப்பில் மட்டும் படிப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். மூலத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறது என்று குறியுங்கள். நீதியைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் அந்த மூச்சுத் திணறலைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள்.

சொந்த வாழ்க்கையைக் கொண்டுவருதல்

நான் மாணவனாக இருந்தபோது, விடுதிக் கதவை இரவு எட்டு மணிக்குப் பூட்டியதை டக்ளஸின் அடிமை வாழ்வோடு ஒப்பிட்டு உருக்கமாக ஒரு பக்கம் எழுதினேன். திருத்திய ஆசிரியர் ஒன்றும் எழுதவில்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். அதைவிடக் கடுமையான விமர்சனத்தை நான் இன்றுவரை பெற்றதில்லை.

அதனால் ஒப்பிடவே கூடாது என்பதில்லை. அமெரிக்க நிறவேறுபாட்டையும் நம் சாதியையும் சேர்த்து யோசித்தவர்கள் பலர் உண்டு. மராட்டியச் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' (அடிமைத்தனம்) நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1959இல் இந்தியா வந்த கிங், திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் தம்மை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தியதாகவும், முதலில் அதிர்ந்து பிறகு ஆம், நான் அப்படித்தான் என்று தாம் உணர்ந்ததாகவும் 1965 ஜூலை 4 அன்று ஆற்றிய பிரசங்கத்தில் சொன்னார். ஆனால் ஒப்பிடும்போது வேறுபாட்டை முதலில் எழுதுங்கள். ஆளையே சந்தையில் ஏலம் விட்ட சட்டமும், பிறப்பால் தெருவையும் கிணற்றையும் பிரித்த வழக்கமும் வேறு வேறு விதமாக இயங்கியவை. வேறுபாட்டை எழுதிய பிறகும் மிஞ்சி நிற்கும் ஒற்றுமையே நம்பத்தக்கது.

அமெரிக்க எழுத்தாளர் தோரோவிடமிருந்து காந்தி, காந்தியிடமிருந்து கிங் என்று ஒரே கோடாக இழுப்பதிலும் கவனம் வேண்டும். தோரோ வரி கட்டாமல் ஓர் இரவு சிறையிலிருந்ததும், 1849இல் அதையொட்டிச் சட்டமறுப்பைப் பற்றி எழுதிய கட்டுரையும் உண்மை. கிங் அதைக் கல்லூரி நாட்களில் படித்ததும் உண்மை. ஆனால் தம் சட்டமறுப்புக் கருத்து தோரோவிடமிருந்து பெறப்பட்டது என்ற கூற்று தவறு என்றும், அந்தக் கட்டுரை கைக்கு வரும் முன்பே தென்னாப்பிரிக்காவில் போராட்டம் வளர்ந்திருந்தது என்றும் காந்தியே 1935இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை

எழுதி முடித்ததும் ஒரு நாள் கிடப்பில் போடுங்கள். மறுநாள் சிவப்பு மையை எடுத்து, சுதந்திரம், அடையாளம், சமத்துவம், உரிமை என்ற சொற்கள் வரும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். சில வாக்கியங்கள் அந்தச் சொல் இல்லாமலும் பொருள் தரும். அவற்றில் சொல்லை மீண்டும் சேர்த்துக்கொள்ளலாம். சில வாக்கியங்கள் சரிந்து விழும். விழுந்த இடம் ஒவ்வொன்றுக்கும் நேராக நூலின் பக்க எண் ஒன்றை எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் நூலை மறுபடியும் திறந்து, பென்சில் கோடு விழுந்த பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.