டெர்ராஃபார்ம் ப்ரொவைடர் பதிப்பை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது?

சர்வர் போன்றவற்றைக் கோடு எழுதி அமைக்கும் கருவிதான் டெர்ராஃபார்ம். அதில் கிளவுட் போன்ற சேவைகளோடு பேசும் பிளகின்தான் ப்ரொவைடர். ப்ரொவைடரின் பதிப்பு இரண்டு இடங்களில் தீர்மானமாகிறது: நீங்கள் எழுதும் வரம்பு, இனிட் (ப்ரொவைடரை இறக்கித் தயார்செய்யும் கட்டளை) ஓட்டும்போது உருவாகி, தேர்வான பதிப்பைப் பதிந்துவைக்கும் லாக் ஃபைல்.

வரம்பில் ஒரு புள்ளி கூடினாலே பொருள் மாறிவிடும். "~> 5.40" என்றால் 5.40 முதல் 6.0-க்கு முந்தைய எதுவும் வரலாம். "~> 5.40.0" என்றால் 5.40 வரிசையின் சிறு திருத்தங்கள் மட்டுமே. பலரும் பகிரும் மாட்யூலில் (மறுபடி பயன்படுத்தும் கோடு தொகுப்பு) ">= 5.40" போதும்; அங்கே "= 5.40.0" என்று பூட்டினால், வேறு பதிப்பு கேட்கும் இன்னொரு மாட்யூலோடு சேரும்போது இனிட் நின்றுவிடும். மேல் வரம்பை ரூட் மாட்யூலில் (நீங்கள் கட்டளையை ஓட்டும் முதன்மை ஃபோல்டரில்) வையுங்கள்.

லாக் ஃபைலைக் கட்டாயம் கிட்டில் கமிட் செய்யுங்கள். அதை கிட்இக்னோரில் போட்டுவிட்டால், நேற்று ஓடிய பிளான் (என்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும் கட்டளை) இன்று வேறு பதிப்பில் ஓடலாம். சிஐ-யில் (கோடை தானாகச் சோதிக்கும் சர்வரில்) இனிட்டோடு "-லாக்ஃபைல்=ரீட்ஒன்லி" சேர்த்தால் யாருக்கும் தெரியாமல் பதிப்பு மாறாது. கவனம்: மாட்யூல் பதிப்புகளை இந்த ஃபைல் பூட்டாது.

மேக்கில் மிரர் (ப்ரொவைடர்களின் நகல் வைத்திருக்கும் இடம்) வழியாக இனிட் செய்தால், லாக் ஃபைலில் மேக்குக்கான செக்சம் (ஃபைலைச் சரிபார்க்கும் குறியீடு) மட்டும் பதிவாகி, லினக்ஸ் சிஐ-யில் பிழை வரும். "ப்ரொவைடர்ஸ் லாக்" கட்டளையில் இரண்டு பிளாட்ஃபார்மையும் கொடுத்தால் சரியாகிவிடும்.

புதுப்பிப்பதை மாதம் ஒருமுறை, தனி பிராஞ்சில் செய்யலாம். "இனிட் -அப்கிரேட்", பிறகு பிளான். கோடு மாறாதபோதும் பிளானில் "ரீப்ளேஸ்" (அழித்துவிட்டு மீண்டும் உருவாக்குவது) என்று ஒரு வரி வந்தால், சேஞ்ச்லாகைப் படிக்காமல் மெர்ஜ் செய்யாதீர்கள். 5-லிருந்து 6-க்குப் போவதை இதோடு சேர்க்காமல் தனி வேலையாக எடுங்கள்.