பூனை பெட்டிக்கு வெளியே போனால் என்ன செய்வது

பூனை கட்டிலில் மூத்திரம் போய்விட்டால் வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார், "நேத்து திட்டினோம்ல, பழி வாங்குது." அதெல்லாம் இல்லை. ஒன்று அதற்கு உடம்பு சரியில்லை, இல்லையென்றால் நாம் மண் போட்டு வைத்திருக்கும் அதன் கழிப்பறைப் பெட்டி பிடிக்கவில்லை, அதுவும் இல்லையென்றால் எதற்கோ பயந்திருக்கிறது. அடித்தாலும் மூக்கைத் தேய்த்தாலும் உங்களைக் கண்டு ஒளியக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

முதலில் உடம்பு. ஆண் பூனை திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் போய், முக்கி முக்கி உட்கார்ந்து, ஒரு சொட்டும் வராமல் எழுந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதன் மூத்திரக் குழாய் மிகவும் குறுகல். அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், நேராக டாக்டர்தான். மூத்திரத்தில் ரத்தம், போகும்போது கத்துவது, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருப்பது, இவற்றையும் காட்ட வேண்டும். பத்து வயதைத் தாண்டிய பூனை என்றால் சிறுநீரகம், சர்க்கரை, மூட்டுவலி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கால் வலிக்கிற கிழட்டுப் பூனை உயரமான விளிம்பைத் தாண்டாது. வலிக்கிறதே என்று நம் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால் பெட்டி. கடையில் விற்பவை பெரும்பாலும் சின்னவை. பூனையை மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் வையுங்கள். நான் பாத்திரக் கடையில் அகலமான பிளாஸ்டிக் டப் வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் தாழ அறுத்து வாசலாக்கிக் கொள்கிறேன். மூடி போட்ட பெட்டி நமக்குத்தான் வசதி, நாற்றம் முழுக்க உள்ளே நிற்கும்.

எத்தனை பூனையோ, அதைவிட ஒரு பெட்டி அதிகம். எங்கள் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் மிளகு, பூந்தி என்று இரண்டு பேர், மூன்று பெட்டி. வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். மூன்றையும் பால்கனியில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே பெட்டிதான். மிளகு பால்கனி வாசலில் காலை நீட்டிப் படுத்துவிட்டால் பூந்தி எந்தப் பக்கம் போவாள்? வெவ்வேறு அறையில், சாப்பாட்டுத் தட்டுக்கும் வாஷிங் மெஷினுக்கும் தள்ளி வையுங்கள்.

பெட்டியில் போடும் மண்ணைப் பற்றிப் பூனையே சொல்லும். போகும்போது சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். மண் பிடித்திருந்தால் உள்ளே இறங்கி, தோண்டி, உட்கார்ந்து, மூடிவிட்டு நிதானமாக வரும். பிடிக்காவிட்டால் முன்கால் இரண்டையும் விளிம்பில் வைத்துத் தொங்கும், தோண்டாது, முடிந்ததும் பாதத்தை உதறிக்கொண்டு ஓடும். என் தங்கை வீட்டில் தள்ளுபடியில் கிடைத்ததென்று லாவெண்டர் வாசனை போட்ட குருணை மண்ணுக்கு மாறினார்கள், மறுநாளே பூனை துவைத்து மடித்த துணிக்கூடைக்கு மாறிவிட்டது. வாசனை இல்லாத, பொடியான, ஈரம் பட்டதும் கட்டி சேரும் வகைதான் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடிக்கும். இரண்டு அங்குல ஆழம் போதும். தினமும் அள்ளுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலை வேறு யாருடையதாவது ஆகட்டும்.

பாத்ரூமில் தண்ணீர் வடியும் துளை பக்கத்தில் போகிற பூனைகள் நம் ஊரில் நிறைய. அதோடு நான் மல்லுக்கட்டுவதில்லை, ஒரு வாளித் தண்ணீரில் முடிந்துவிடும் வேலை.

அடுத்து, அசுத்தமான இடத்தைச் சுத்தம் செய்வது. அம்மாவுக்கு ஃபினாயில் வாசனை வந்தால்தான் தரை சுத்தம். ஆனால் ஃபீனால் வகை ரசாயனங்களைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது, பாதத்தில் ஒட்டியதை நக்கினால் உள்ளே போகும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், மூத்திரத்தில் இருக்கும் அமோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு. அந்துருண்டையைப் போட்டு விரட்டும் யோசனையும் ஆபத்து. செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரை, அதாவது மூத்திர வாடையைச் சிதைக்கும் திரவத்தை, நன்றாக ஊற்றி, புட்டியில் சொன்ன நேரம் ஊற விட்டுத் துடையுங்கள். நமக்கு வாசம் போனாலும் அதன் மூக்குக்குப் போயிருக்காது. கள்ளநோட்டு பார்க்கும் அல்ட்ரா வயலட் டார்ச்சை இருட்டில் அடித்தால் நீங்கள் நினைக்காத மூலையெல்லாம் மின்னும். அடிவரை ஊறிய இலவம்பஞ்சு மெத்தையோடு போராடாதீர்கள், பஞ்சை மாற்றிவிடுங்கள்.

நின்றபடி வாலை நடுக்கி, சுவரிலோ திரைச்சீலையிலோ கொஞ்சமாகப் பீச்சினால் விஷயம் வேறு. அது எல்லை குறிப்பது. கருத்தடை செய்யாத ஆண் என்றால் செய்துவிடுங்கள், பெரும்பாலானவை நிறுத்திவிடும். செய்தும் பீச்சினால் ஜன்னலுக்கு வெளியே தெருக் கடுவன் ஏதாவது வந்து உட்காருகிறதா பாருங்கள். கண்ணாடியின் கீழ்ப்பாதியில் செய்தித்தாள் ஒட்டினாலே பாதி சண்டை தீரும். புதுக் குழந்தை, வீடு மாற்றம், தீபாவளி வெடி, இவையும் பூனையைக் குழப்பும். அந்த நாட்களில் ஒளிந்துகொள்ள ஒரு அட்டைப்பெட்டியும், தட்டில் கூடுதல் தண்ணீரும், வேளை தவறாத சாப்பாடும் வேண்டும்.

அப்புறமும் ஒரே இடத்துக்குப் போனால், சுத்தம் செய்துவிட்டு அங்கேயே ஒரு பெட்டியை வையுங்கள். ஹால் நடுவாக இருந்தாலும் சரி. ஒழுங்காகப் போக ஆரம்பித்ததும் தினம் ஒரு சாண் அளவு உங்களுக்கு வேண்டிய இடத்தை நோக்கி நகர்த்துங்கள். நடுவில் தவறினால் பெட்டியைக் கடைசியாகச் சரியாகப் போன இடத்துக்கே கொண்டுவந்து, சில நாள் அசைக்காமல் விடுங்கள்.